பிளாஸ்டருக்கு அடியில் மரத்தூள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் கிள்ளான் பட்டறையின் வாட்சாப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானும் வெளியே வரவில்லை. என்றைக்காவது யாராவது ஏதாவது கேட்பார்கள் என்ற நப்பாசைதான். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"பிலோ அக்கா, புது மரம் வந்தா மூணு வாரம் வெயிட் பண்ணித்தான் அறுக்கணும்னு இங்க ஒரு ரூல் இருக்கு. ஏன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. கஸ்டமர் மாம்பழம் சாப்பிடுவாரான்னு வேற கேக்கச் சொல்றாங்க. என்னா ரூல் லா இது?"

எனக்குத் தெரியும். ஆனால் என் கட்டைவிரலால் கைப்பேசியில் தட்டி முடிக்கிற கதை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது மடக்குக் கத்திகளுக்குப் பிடி போடும் பட்டறை. அலகை மடக்கினால் பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற பழைய பாணிக் கத்தி. அவற்றைச் சேர்த்து வைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர், வங்கி மானேஜர், பல் டாக்டர் என்று எல்லா வகையும் உண்டு. அந்தக் கத்தியால் ஒரு வாழைப்பழத்தைக்கூட வெட்ட மாட்டார்கள். திறந்து பார்ப்பார்கள், 'டக்'கென்று மூடுவார்கள், துடைத்து டப்பாவில் வைப்பார்கள். அலகு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, பிடி மட்டும் அடுத்தவரிடம் இல்லாத மரமாக இருக்க வேண்டும். என் மாமியார் கடைசிவரை நான் இறைச்சிக் கடைக்குக் கத்தி தீட்டுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அதை மாற்ற நானும் பெரிதாக முயற்சி எடுக்கவில்லை.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிறகு இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

பிறகுதான் பிடி போடக் கற்றேன். மரத்துண்டை நடுவில் அறுத்து, புத்தகத்தை விரித்த மாதிரி இரண்டு பலகை எடுக்க வேண்டும். அப்போதுதான் கத்தியின் இரண்டு பக்கமும் ரேகை ஒரே மாதிரி ஓடும். பலகை என்றால் பிஸ்கட் கனம்தான். அதைப் பித்தளைத் தகட்டில் ஒட்டி, துளை போட்டு, ஊசி மாதிரி இருக்கும் ஆணியை நுழைத்து, அதன் இரண்டு முனையையும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி விரிய வைக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் மரம் பிளந்துவிடும். பயந்து தட்டினால் ஆணி பிடிக்காது. "அழுவுற புள்ளைய முதுவுல தட்டித் தூங்க வைப்பல்ல, அப்படித் தட்டு" என்றார் மாணிக்கண்ணே. இரண்டு பிள்ளைகளைத் தூங்க வைத்தவளுக்கு அது உடனே புரிந்தது.

மாணிக்கண்ணேதான் எங்கள் ஃபோர்மன். அவர் யாரையும் திட்டியதில்லை. நாம் ஒன்றைக் கெடுத்துவிட்டால் அதை எடுத்துப் பார்ப்பார், தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நம்மை நாமே போதும் போதும் என்கிற அளவுக்குத் திட்டி முடித்திருப்போம். வந்து துண்டை மேசையில் வைத்துவிட்டு, "வேற எடு" என்பார். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

புது மரம் வந்தால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கத்தி முனையால் மரத்தைச் சுரண்டி ஒரு சிட்டிகைத் தூள் எடுப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைப்பார். அதைப் பிளாஸ்டரின் பஞ்சில் தடவி, இடது முழங்கைக்குக் கீழே, உட்புறத்தில் ஒட்டிக்கொள்வார். இரண்டு நாள் அது அங்கேயே இருக்கும். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்வார். மூன்றாம் நாள் காலையில் பட்டறை வாசலில், வெளிச்சத்தில் நின்று பிளாஸ்டரைப் பிரிப்பார். தோல் சுத்தமாக இருந்தால், "ஏத்து" என்பார். அதன் பிறகுதான் மரம் ரம்பத்துக்குப் போகும். முன்பு ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மரத்தூள் ஒத்துக்கொள்ளாமல் கண் வீங்கிப்போன ஒருவரைப் பார்த்திருக்கிறாராம். அதிலிருந்து இந்தப் பழக்கம்.

பிளாஸ்டரில் அகப்படாத சேட்டைகளும் மரங்களுக்கு உண்டு. மெர்பாவ் மரத்தில் ஒருவருக்குப் பிடி போட்டுக் கொடுத்தோம். எலுமிச்சம்பழம் வெட்ட ஆகுமென்று வெள்ளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்துமலைக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டது. மெர்பாவ் நனைந்தால் சாயம் விடும். படி ஏறி முருகனைப் பார்க்கப் போனவர் நெஞ்சில் தேநீர் கொட்டிய மாதிரி நின்றிருக்கிறார். சட்டையைப் பட்டறைக்கே கொண்டுவந்து என் மேசையில் விரித்துப் போட்டார். காப்பார் என்ற ஊரிலிருந்து இன்னொருவர், தன் அப்பா பால் வெட்டிய ரப்பர் மரத்தில்தான் பிடி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. ஒரு வருடத்தில் வண்டு துளைத்து, மாவு மாவாகக் கொட்டிவிட்டது. மாவையும் ஒரு புட்டியில் போட்டு வைத்திருக்கிறாராம், மகராசன்.

இனி குணாவுக்கு வருகிறேன். குணசேகரன் பிரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் செய்பவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அந்தத் தெருவில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் வரிசையாக உண்டு. அதில் அவருக்கென்று வாடிக்கை இருந்தது. அவர் மடக்குக் கத்தி சேர்க்கிறார் என்று முதலில் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. மற்றவர்களெல்லாம் ரேகைக்கும் நிறத்துக்கும் சண்டை போடுகிற உலகத்தில், அவருக்கு இரண்டுமே கிடையாது. கனம், சில்லிப்பு, வாசனை, விரலுக்கு மரம் வழுக்குகிறதா பிடிக்கிறதா, இவ்வளவுதான் அவர் கணக்கு. கருங்காலி என்று சொல்லி ஒரு கடைக்காரர் விற்ற கத்தியை எங்களிடம் கொண்டுவந்து, "இது சாயம் போட்ட மரம்லா, கருங்காலி இப்படி வெதுவெதுன்னு இருக்காது" என்றார். மாணிக்கண்ணே ஓரமாகச் சுரண்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது.

எல்லாப் பிடிக்கும் நாங்கள் கடைசியில் மூன்று கை வார்னிஷ் போடுவோம். குணா மட்டும் கூடாது என்பார். "பாலிஷ் போட்டா எல்லா மரமும் ஒண்ணாதான் இருக்கு. எனக்குக் கண்ணாடியத் தடவுற மாதிரி" என்பார். அதனால் அவருடைய கத்திகளுக்கு மட்டும் வெறும் மரமாக, வழவழவென்று தேய்த்ததோடு விட்டுவிடுவோம். மற்ற யாராக இருந்தாலும் வார்னிஷ் காப்பாற்றியிருக்கும்.

ஒருமுறை சரவாக்கில் இருக்கும் நண்பர் அனுப்பியதாக ஒரு மரக்கட்டை கொண்டுவந்தார். வெடிக்காமல் இருக்கச் சுற்றிலும் மெழுகு பூசியிருந்தது. என்ன மரம் என்று நண்பருக்கும் தெரியவில்லை, ஏதோ பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தூணாம். மெழுகைச் சீவியதும் பட்டறையே கூடிவிட்டது. அடர்ந்த சிவப்பு, அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடு. அத்தனை அழகான மரத்தைக் கண் தெரிந்த எந்தச் சேகரிப்பாளருக்கும் நாங்கள் போட்டதில்லை. மாணிக்கண்ணே வழக்கம்போலத் தூள் எடுத்து ஒட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் பிரித்தார். குழந்தைத் தோல் மாதிரி சுத்தமாக இருந்தது. "ஏத்து" என்றார்.

நான்தான் அறுத்தேன், நான்தான் தேய்த்தேன். ஆணி அடித்த பிறகு குணாவைக் கூப்பிட்டோம். அவர் மனைவி தேவியோடு கொமுட்டர் ரயிலில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கத்தியை உள்ளங்கையில் வைத்து மூடி மூடித் திறந்தார். "இங்க ஒரு தலைமுடி அளவு எடுங்க பிலோ. ஆங், இப்ப சரி." போகும்போது பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த வாரம் எனக்கு விரலிடுக்கில் அரிக்க ஆரம்பித்தது. வீட்டில் பாத்திரம் கழுவும் சோப்பை மாற்றியிருந்தேன். சோப்பைத் திட்டிவிட்டுப் பழையதையே வாங்கினேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் தேநீர் நேரத்தில் மாணிக்கண்ணே இடது கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிப் பார்த்தார். பிளாஸ்டர் பிரித்த இடத்தில், பஞ்சின் அளவுக்கு, சதுரமாகச் சிவந்து தடித்திருந்தது. அதன் மேல் பொடிப்பொடியாக நீர்க் கொப்புளம். பிளாஸ்டரைப் பிரித்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. நடுவில் வேறு மரம் எதையும் அவர் ஒட்டவில்லை. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பிலோ, உன் கையைக் காட்டு" என்றார். காட்டினேன்.

"ரெங்காஸ்" என்றார்.

பெயர் எனக்கும் தெரியும். மழை பெய்தால்கூட அந்த மரத்தடியில் ஒதுங்கக்கூடாது என்று கிராமங்களில் கம்பத்து மலாய்க்காரர்கள் சொல்வார்கள். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். ஆனால் நாங்கள் யாரும் அதை அறுத்த பலகையாகப் பார்த்ததில்லை. எத்தனை வருடம் காய்ந்தாலும் அந்தப் பால் மரத்துக்குள் சாகாமல் இருக்கும் என்பதும் தெரியாது.

குணாவின் கைப்பேசிக்கு அடித்தோம், எடுக்கவில்லை. தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். ஆணி சரியில்லை என்று ஏதாவது சொல்லிக் கத்தியைத் திருப்பி வாங்கிவிடலாம், வேறு பிடி போட்டுக் கொடுத்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்றார். விஷயம் வெளியே போனால் சேகரிப்பாளர்கள் ஒருத்தர்கூட வரமாட்டார்கள் என்பது அவர் கவலை. அவர் கவலை பொய்யும் இல்லை. மாணிக்கண்ணே ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அவரு பொழப்பே கைதான் தவுக்கே" என்றார். பிறகு என்னிடம், "நீயும் வா."

ரயிலேறிக் கேஎல் சென்ட்ரலில் இறங்கினோம். அங்கிருந்து நடந்தோம். குணாவின் கடையில் பக்கத்து மேசைக்காரர் மட்டும் இருந்தார். குணா ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லை, மேல்மாடி வீட்டில்தான் இருக்கிறார் என்றார். மாடிப்படி ஏறினோம்.

தேவி கதவைத் திறந்தாள். உள்ளே நாற்காலியில் குணா. இரண்டு கையும் விரல் நுனிவரை வெள்ளைத் துணிக் கட்டு. அந்தக் கட்டுக்கு நடுவில், மடியில், எங்கள் கத்தி.

"மாணிக்கண்ணேயா? செருப்புச் சத்தம் சொல்லிருச்சு" என்றார். சிரிக்கவும் பார்த்தார்.

தேவி என்னை ஓரமாக இழுத்துச் சொன்னாள். "எண்ணெய் ஒத்துக்கலன்னு டாக்டர் சொல்லிட்டாரு அக்கா. அந்த வாரம்தான் புது எண்ணெய் வாங்குனாரு. இனிமே எந்த எண்ணெயும் தொடக்கூடாதாம், வேற வேல பாக்கச் சொல்றாரு. கண்ணு தெரியாத மனுசன் வேற என்னா வேல பாப்பாரு? சோறுகூட நான்தான் ஊட்டுறேன். இந்தக் கத்தி ஒண்ணுதான் அவருக்கு ஆறுதல். கட்டு மாத்தும்போதுகூட கையில வாங்கி வச்சுக்குவாரு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேவி சொன்னது குணாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"கண்ணு இல்லாதது எனக்கு ஒண்ணும் பெருசா தெரிஞ்சதில்லண்ணே, பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். இந்தக் கட்டு போட்ட அன்னிக்குத்தான் இருட்டுன்னா என்னான்னு தெரிஞ்சது. கப்பு எங்க இருக்குன்னு தெரியல. இவ மொகத்தத் தொட முடியல."

மாணிக்கண்ணே நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தரையில், குணாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கைக்குட்டையை விரித்து மடியிலிருந்த கத்தியை எடுத்துச் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"குணா, எண்ணெய் இல்ல. இந்தக் கத்திதான். நாங்க போட்ட பிடி. வெசமரம்."

குணா தலையை ஆட்டினார். "என்னைத் தேத்துறதுக்குச் சொல்லாதீங்கண்ணே. நீங்க கையில ஒட்டிப் பாத்துட்டுத்தானே குடுத்தீங்க. பிலோதான் சொன்னிச்சு, கை சுத்தமா இருந்துச்சுன்னு."

"அன்னிக்குச் சுத்தமாதான் இருந்துச்சு. இப்ப கெளம்பிருக்கு. இங்க பாரு" என்று கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. குணாவால் பார்க்க முடியாது. தொட்டுப் பார்க்கவும் கை இல்லை.

குணாதான் மெல்லக் குனிந்து முகத்தை நீட்டினார். மாணிக்கண்ணே தன் முன்கையின் உட்புறத்தை அவர் கன்னத்தில் வைத்தார். குணா கன்னத்தால் அந்தத் தடிப்பின் ஓரத்தை மெதுவாகத் தேடினார். ஒரு மூலை, இன்னொரு மூலை, பிறகு கீழே.

"சதுரமா இருக்கு" என்றார்.

"பிளாஸ்டர்" என்றார் மாணிக்கண்ணே.

"அப்ப எண்ணெய் இல்லியா?"

"இல்ல குணா."

"எண்ணெய் இல்ல?"

"இல்லப்பா. எங்க தப்பு. நீ உன் வேலைய விட வேணாம்."

தேவி கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், நானும் அழுதேன். குணா அழவில்லை. கோபப்படவும் இல்லை. கன்னத்தை எடுக்காமலே கேட்டார். "உங்களுக்கும் எரியுதாண்ணே?"

"எரியுது."

"ராத்திரியில ஜாஸ்தியா இருக்கும். சொறிஞ்சிறாதீங்க."

அன்றைக்கே எல்லோரும் கத்தியை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனோம். பார்த்துவிட்டு எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னவர், குணாவிடம் முதலில் கேட்டது மாங்காயைப் பற்றித்தான். ரெங்காஸும் மாமரமும் ஒரே குடும்பமாம். "சின்னப் புள்ளையில மாங்கா திருடித் தின்னு, பால் பட்டு வாய் வெந்து, அதுக்கும் சேத்து அடி வாங்குனேன் டாக்டர்" என்றார் குணா. அதனால்தான் அவருக்கு உடனே கிளம்பியது. மாணிக்கண்ணே உடம்பு அந்தப் பாலை அதற்கு முன் கண்டதில்லை. முதல் தடவை உடம்பு சும்மாதான் இருக்குமாம். அதை எதிரி என்று கண்டுகொள்ள ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகுமாம். அத்தனை வருடம் மூன்றாம் நாள் காலையில் வாசலில் நின்று அவர் பார்த்த பரீட்சையில் பாதிதான் முடிந்திருந்தது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்று வார விதி அப்படி வந்ததுதான், தங்கச்சி. பிளாஸ்டர் இரண்டு நாள். பிறகு காத்திருப்பு. பிறகு மறுபடி ஒரு பிளாஸ்டர். வாடிக்கையாளரிடம் மாம்பழக் கேள்வி. தவுக்கே முணுமுணுத்தார், ஆனால் மறுக்கவில்லை. நடந்ததை மாணிக்கண்ணே ஒவ்வொரு சேகரிப்பாளரிடமும் தானே சொன்னார். ஒருவர் இருவர் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். ரெங்காஸ் மிச்சத்தை எரித்தால் புகையும் ஆகாது என்று மருத்துவர் சொன்னதால் தகர டப்பாவில் போட்டு மூடிக் குழி தோண்டிப் புதைத்தோம். குணாவின் கத்திக்குக் கெமுனிங் மரத்தில், மலாய்க்காரர்கள் தங்கள் கிரிஸ் குறுவாளுக்குப் போடுகிற அந்த மஞ்சள் மரத்தில், புதுப் பிடி போட்டேன். வார்னிஷ் இல்லாமல்தான். அப்படித்தான் வேண்டும் என்றார்.

இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்தது என்ன என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். தூள் ஏறிய மூச்சு, மரத்துப்போன ஆள்காட்டி விரல் என்று கிண்டலாகச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், தன் தவறை ரயிலேறிப் போய் அடுத்தவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொல்லுகிற ஒரு மனிதரின் கீழே வேலை பார்க்கக் கிடைத்தது. வீட்டில், பிள்ளைகளிடம், அக்கம்பக்கத்தில் எனக்கு நாக்கு மாற இருந்த எத்தனையோ சமயங்களில் ஆணியில் தொங்கிய அந்த ஏப்ரன்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவர் இப்போது காப்பாரில் மகள் வீட்டில் இருக்கிறார். இதைப் படித்தால் வேலை இல்லையா உனக்கு என்பார். சொல்லட்டும். நன்றியண்ணே.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. குணாவின் கை ஆற ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் மாணிக்கண்ணே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினார். பட்டறையில் மட்டும் ஆள் சரியில்லை. சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடிக் கொண்டுபோவார். மரத்தைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டார், அறுக்கவும் சொல்ல மாட்டார்.

பிறகு ஒரு காலையில் தேவி போன் பண்ணினாள். குணா இன்றைக்கு வேலைக்குத் திரும்புகிறார், முதல் ஆளாக மாணிக்கண்ணே வந்து படுக்க வேண்டும் என்கிறார் என்றாள். மாணிக்கண்ணே மாட்டேன் என்றார். நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். சட்டையைக் கழற்றி, மேசையில் குப்புறப் படுத்து, மூச்சு விடுவதற்கென்று அதில் இருக்கும் துளையில் முகத்தை வைத்துக்கொண்டார். திரைக்கு இந்தப் பக்கம் தேவியும் நானும் நின்றோம். குணா எண்ணெய்ப் புட்டியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கினார். பிறகு ஒரு சத்தமும் இல்லை. திரை இடுக்கில் பார்த்தேன். இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் ஏறிய அந்தக் கைகள் மாணிக்கண்ணே முதுகில் அசையாமல் இருந்தன.

"என்னாண்ணே, கல்லு மாதிரி இருக்கீங்க" என்றார் குணா. "மூச்ச விடுங்க. எத்தனை நாளா புடிச்சு வச்சிருக்கீங்க."

மேசைக்கு அடியிலிருந்து மாணிக்கண்ணே அழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. குணா வேலையை ஆரம்பித்தார்.